விளையாட்டில் அடிபட்டால்: விழுந்த இடத்திலிருந்து மறுபடி மைதானம் வரை

வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் 31 வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த ஆறாவது வருடம், கபடிப் பயிற்சியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கையை ஊன்றி விழுந்தான். முழங்கை வீங்கியது. விரல்களை அசைத்துக் காட்டச் சொன்னேன், அசைத்தான். "விரல் அசையுது, எலும்புக்கு ஒண்ணும் இல்ல" என்று அவன் அப்பாவிடம் சொன்னது நான்தான். அவர்கள் தெரிந்த ஒருவரிடம் கூட்டிப்போய் தினமும் எண்ணெய் போட்டு உருவிவிட்டார்கள். மூன்று வாரத்தில் வலி போய்விட்டது. முழங்கை மட்டும் மடங்க மறுத்தது. பிறகு எக்ஸ்ரே எடுத்தபோது மூட்டுக்கு முன்னால் உள்ள தசைக்குள் எலும்பு வளர்ந்திருந்தது. அவருக்கு இன்று நாற்பது வயது. வலது கையால் சோறு அள்ளினால் அது வாய்வரை வராது, தலையைக் கையிடம் கொண்டுபோய்த்தான் சாப்பிடுகிறார்.

அதற்குப் பிறகு எலும்பு மருத்துவர்களையும் பிசியோதெரபிஸ்ட்டுகளையும் விடாமல் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். எல்லாம் ஒன்றைச் சுற்றியே வரும்: வலி வேறு, காயம் வேறு. வலி குறைவாக இருப்பதால் காயம் சின்னது என்று ஆகாது. வலி நின்றதால் காயம் ஆறிவிட்டது என்றும் ஆகாது.

முதல் படி: விழுந்தவுடன் ஐந்து நிமிடம்

விழுந்தவனைச் சுற்றி நாலு பேர் கூடிக் கையைப் பிடித்துத் தூக்குவதுதான் நம் ஊர் வழக்கம். அதை முதலில் நிறுத்துங்கள். கழுத்தோ முதுகோ வலிக்கிறது, கைகால் மரத்திருக்கிறது என்று சொன்னால், இல்லை நினைவு தவறியிருந்தால், படுத்தபடியே விட்டு 108-ஐ அழையுங்கள். தலையை யாராவது அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும்.

அப்படி இல்லையென்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எப்படி விழுந்தாய்? 'டப்' என்று சத்தமோ, உள்ளே ஏதோ அறுந்த மாதிரியோ தெரிந்ததா? வலி எங்கே, ஒரு விரலால் தொட்டுக் காட்டு? இந்தப் பதில்களை அப்போதே ஒரு தாளில் எழுதிவையுங்கள். மருத்துவருக்கு இது பெரிய உதவி. இரண்டு மணி நேரம் கழித்துக் கேட்டால் பையன் வேறு கதை சொல்வான்.

அப்புறம் பாருங்கள். அடிபட்ட பக்கத்தையும் நல்ல பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். வடிவம் மாறியிருக்கிறதா? விரல் நுனியைத் தொட்டால் தெரிகிறதா? நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை, விரல் சில்லிட்டிருக்கிறது, மரத்திருக்கிறது என்றால் ரத்த ஓட்டமோ நரம்போ மாட்டியிருக்கலாம். ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம்.

கை கால் கோணியிருந்தாலும், மூட்டு நழுவியிருந்தாலும், எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தாலும் நேராக மருத்துவமனைதான். வெளியே வந்த எலும்பை உள்ளே தள்ளாதீர்கள், சுத்தமான துணியால் மூடுங்கள். முறிந்த இடம் அசையாமல் இருக்க, அதற்கு மேலுள்ள மூட்டையும் கீழுள்ள மூட்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். கிரிக்கெட் பேடு, ஸ்டம்ப், தடியாக மடித்த செய்தித்தாள் எல்லாம் உதவும். கபடியில் தோள்பட்டை நழுவுவது அதிகம். 'இழுத்தால் உட்கார்ந்துவிடும்' என்று யாராவது முன்வருவார். விடாதீர்கள். உள்ளே எலும்பும் முறிந்திருந்தால் இழுப்பது அதை விலக்கிவிடும், நரம்பையும் கெடுக்கும். துண்டால் தொட்டில் மாதிரி கட்டிக் கையைத் தாங்கி அழைத்துப் போங்கள்.

இன்னொன்று. அடிபட்டவனுக்கு டீ, சோடா வாங்கிக் கொடுப்பது அன்புதான். ஆனால் அறுவை சிகிச்சை வேண்டியிருந்தால் மயக்கமருந்து கொடுப்பது அந்த டீயால் பல மணி நேரம் தள்ளிப்போகும். முறிவு என்று சந்தேகம் இருந்தால் எதையும் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: எலும்பா, ஜவ்வா, தசையா?

'விரல் அசைந்தால் எலும்பு முறியவில்லை' என்பது பொய். விரலை அசைப்பது தசை. மணிக்கட்டிலோ முழங்கையிலோ எலும்பு முறிந்திருந்தாலும் விரல் அசையும். 'நடக்கிறான், அதனால் ஜவ்வு கிழியவில்லை' என்பதும் அப்படித்தான்.

கணுக்காலில் தொடங்குவோம், அதிகம் பிசகுவது அதுதான். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் ஒரு எளிய விதியை வகுத்தார்கள். உலகம் முழுக்க அவசரப் பிரிவுகளில் இன்றும் அதுதான் நடைமுறை. கணுக்காலின் இருபுறமும் உருண்டையாகத் துருத்தும் எலும்புகளின் பின் ஓரத்தை, கடைசி 6 சென்டிமீட்டர் தூரத்துக்கு அழுத்திப் பாருங்கள். பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவில் ஒரு மேடு இருக்கும். உள் பக்கத்தில் கணுக்கால் எலும்புக்குச் சற்று முன்னாலும் ஒரு மேடு இருக்கும். அவற்றையும் அழுத்துங்கள். இதில் எங்காவது எலும்பின் மேலேயே வலித்தால் எக்ஸ்ரே வேண்டும். விழுந்த உடனேயும் பிறகும் நாலு அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரே வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது பெரும்பாலும் சுளுக்கு, அதாவது ஜவ்வு இழுபட்டிருக்கிறது.

வளரும் பிள்ளைகளுக்கு இந்த விதியை மட்டும் நம்பாதீர்கள். அவர்களுடைய எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு என்று ஒரு குருத்துப் பகுதி உண்டு. ஜவ்வைவிட அது பலவீனம். பெரியவருக்குச் சுளுக்கு ஆகும் அதே விழுகையில் பிள்ளைக்கு அந்தத் தட்டு பிளக்கலாம். எலும்பின் மேல் தொட்டால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

முழங்காலுக்கு, வீங்கிய நேரத்தைக் கேளுங்கள். ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பும்போது, யாரும் மோதாமலே, 'டப்' என்று கேட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் முட்டி பந்து மாதிரி வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது. பலருக்கு அது முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு அறுந்ததாக இருக்கும். மறுநாள் காலையில் மெல்ல வீங்கி, மடக்கி நீட்டும்போது ஏதோ சிக்கிக்கொள்வது போல இருந்தால் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு மெத்தை கிழிந்திருக்கலாம். ஏ.சி.எல். அறுந்தவர் இரண்டு மூன்று வாரத்தில் நன்றாக நடப்பார். நேராக நடக்க அந்த ஜவ்வு அவ்வளவாகத் தேவையில்லை, திரும்பும்போதுதான் தேவை. அதனால்தான் 'சரியாகிவிட்டது' என்று நினைத்து மறுபடி கபடிக் களத்தில் இறங்குகிறார்கள். முதல் திருப்பத்தில் முட்டி வழுக்கிக்கொடுத்து மெனிஸ்கஸும் சேர்ந்து கிழிகிறது.

கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு வலித்தால், கட்டை விரலை விரித்து நீட்டுங்கள். அதன் அடியில் ஒரு சின்னக் குழி தெரியும். அந்தக் குழிக்குள் அழுத்தி வலித்தால் ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போவது சகஜம். பத்துப் பதினான்கு நாள் அசையாமல் வைத்து மறுபடி எடுக்கச் சொல்வார்கள். வலி குறைந்துவிட்டதென்று அந்த இரண்டாவது எக்ஸ்ரேவுக்குப் போகாமல் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. சேராமல் போனால் மணிக்கட்டு தேய்ந்து வாழ்நாள் முழுக்கத் தொல்லை கொடுக்கும்.

பந்து விரல் நுனியில் பட்டு, நுனி தொங்கிப்போய், நீட்ட முடியவில்லையா? அந்த நுனியை நேராக வைத்து ஆறிலிருந்து எட்டு வாரம் ஒரு நாளும் விடாமல் பட்டை கட்ட வேண்டும். நடுவில் ஒரே ஒருமுறை மடங்கினாலும் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

தசையில் அடி என்றால் பெரும்பாலும் தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால். ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஆளே இல்லை என்று ஒருவர் சொன்னால், அவரைக் குப்புறப் படுக்கவைத்துப் பாதத்தைத் தொங்கவிட்டுக் கெண்டைக்காலைப் பிசையுங்கள். நல்ல காலில் பாதம் அசையும். அசையவில்லை என்றால் குதிகால் நாண் அறுந்திருக்கிறது.

மூன்றாம் படி: முதல் மூன்று நாள்

முறிவு இல்லை என்று தெரிந்த பிறகுதான் இது. ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. நேரடியாகத் தோலில் வைத்தால் தோல் வெந்துபோகும். கிரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து மேல் நோக்கிச் சுற்றுங்கள். படுக்கும்போது காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தலையணையில் உயர்த்தி வையுங்கள். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற இந்த வரிசையை 1978-இல் எழுதிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின், பல வருடம் கழித்து ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று தானே திருத்திச் சொன்னார். அதனால் ஐஸை வலி தணிக்க மட்டும் வையுங்கள். இரண்டாம் நாளிலிருந்து வலி அனுமதிக்கும் அளவு மெல்ல அசையுங்கள்.

இந்த மூன்று நாளில் செய்யக்கூடாதவை: வெந்நீர் ஒத்தடம், சூடான புளி உப்புப் பற்று, மது, உருவிவிடுவது. சூடு ரத்தக் கசிவைக் கூட்டும். உருவினால் கிழிந்த இழை இன்னும் கிழியும். தொடையில் முட்டி மோதிய அடியிலும், முழங்கை அடியிலும் உருவவே கூடாது. என் மாணவருக்கு நடந்தது அதுதான். கசிந்த ரத்தம் கட்டி நின்ற இடத்தைத் திரும்பத் திரும்பக் கிளறினால் உடம்பு அங்கே எலும்பை வளர்க்கத் தொடங்குகிறது.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் விளையாடப் போவது ஆபத்து. மே மாத வேலூர் வெயிலில் வேர்த்து நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைத் தாக்கலாம்.

எலும்பு முறிந்தால் போடும் கட்டு பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஆந்திராவின் புத்தூர் நமக்குப் பக்கம்தான். 'புத்தூர் கட்டு' என்ற பலகையைப் பல ஊர்களில் பார்க்கிறோம். செலவு குறைவு, அறுவை சிகிச்சை இல்லை என்பதால் மக்கள் போகிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கே கட்டுவதாக இருந்தாலும் முதலில் எக்ஸ்ரே எடுத்து எலும்பு மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். மூட்டுக்குள் போன முறிவு, தோல் கிழிந்த முறிவு, பிள்ளைகளின் முழங்கை முறிவு, இந்த மூன்றையும் மருத்துவமனைக்கு வெளியே கட்டாதீர்கள். மூங்கில் பட்டையோ மாவுக்கட்டோ, கட்டிய பின் வீக்கம் கூடினால் உள்ளே தசைக்கு ரத்தம் போவது நின்றுவிடலாம். அப்போது வலி குறைவதற்குப் பதில் நேரம் ஆக ஆகக் கூடும். விரலை இன்னொருவர் மெல்ல நீட்டிவிட்டாலே உயிர் போகிற வலி வரும். மரத்துப்போகும், வெளுக்கும். இது நடு ராத்திரி இரண்டு மணிக்கு நடந்தாலும் காலைவரை காத்திருக்காதீர்கள். ஆறு மணி நேரம் போலத் தாண்டினால் அந்தத் தசை செத்துப்போகும், கை கொக்கி மாதிரி சுருங்கிவிடும். முதலில் மரப்பதும் வெளுப்பதும் இல்லாமல் வலி மட்டும் கூடலாம். அதுவே போதுமான எச்சரிக்கை.

நான்காம் படி: மருத்துவரிடம்

எழுதிவைத்த தாளை எடுத்துப் போங்கள். மூன்று விஷயம் கேட்டு வாங்கிவாருங்கள்: காயத்தின் பெயர், எத்தனை வாரம், அடுத்து எப்போது வர வேண்டும். அறுவை சிகிச்சை என்றால், முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டில் வருமா என்று அங்கேயே கேளுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவு இருக்கிறது. காசில்லை என்பதற்காக யாரும் தள்ளிப்போட வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: ஆறிய பிறகுதான் வேலை ஆரம்பம்

இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் நின்றுவிடுகிறார்கள். மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது, வலி இல்லை, சனிக்கிழமை மேட்ச் இருக்கிறது.

நம் ஊருக்கு இதில் ஒரு பெருமை உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து, அதற்கென்று இங்கே ஒரு துறையை வளர்த்தார். பாகாயத்தில் 1966-இல் திறந்த மறுவாழ்வு நிலையம் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. காயம் ஆறுவதும் உறுப்பு பழைய வேலைக்குத் திரும்புவதும் வேறு வேறு என்பதை இந்த ஊர் அவ்வளவு காலமாகக் கண்ணெதிரே பார்க்கிறது.

கணுக்கால் சுளுக்கை எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் உட்கார்ந்தபடி பெருவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதுங்கள். எல்லாத் திசையிலும் கணுக்கால் திரும்பும். அடுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், முதலில் இரண்டு காலில், பிறகு ஒற்றைக் காலில். அதற்கடுத்து ஒற்றைக் காலில் 30 வினாடி நிற்பது. அது சுலபமானதும் கண்ணை மூடி நில்லுங்கள். பல் துலக்கும்போதே செய்யலாம். சுளுக்கில் ஜவ்வோடு சேர்ந்து, பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நரம்பு முனைகளும் கெட்டுப்போகின்றன. அதனால்தான் ஒருமுறை சுளுக்கிய கால் திரும்பத் திரும்பச் சுளுக்குகிறது. இந்தப் பயிற்சி அதைத்தான் சரிசெய்கிறது.

திரும்பி விளையாடலாமா என்று என் பிள்ளைகளை இப்படித்தான் சோதித்தேன். வீக்கம் இல்லை, முழுதாக மடங்கி நீளுகிறது. ஒற்றைக் காலில் தாண்டும் தூரம் நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வருகிறது. வேகமாக ஓடித் திரும்பினாலும் மறுநாள் காலை வீங்கவில்லை. பிறகு ஒரு வாரம் முழுப் பயிற்சி, அதற்கப்புறம்தான் மேட்ச். லேசான சுளுக்குக்கு இது ஓரிரு வாரத்தில் வந்துவிடும், மோசமானதற்கு மூன்று மாதம் ஆகலாம். ஏ.சி.எல். அறுவை சிகிச்சைக்குப் பின் ஒன்பது மாதத்துக்குள் திரும்பியவர்களுக்கு அது மறுபடி கிழிவது மிக அதிகம்.

சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2018-இல் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் தொடைக் காயத்தோடு 317 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். இங்கே பளு தூக்கும் ஒவ்வொரு பையனும் அதைச் சொல்வான். எனக்கும் அவரைப் பற்றிப் பேசினால் நெஞ்சு நிமிரும். ஆனால் அது பல வருடம் பயிற்சி பெற்ற வீரர், பயிற்சியாளர்கள் பக்கத்தில் இருக்க, வாழ்நாளில் சில முறையே வரும் ஒரு நாளுக்காக எடுத்த முடிவு. மண்டல அளவுப் போட்டிக்காகப் பதினைந்து வயதுப் பையன் அதைச் செய்ய வேண்டியதில்லை.

ஓடுகிற பிள்ளைகளுக்குத் தனியாக

கம்மவான்பேட்டையில் வீட்டுக்கு வீடு ராணுவத்தார். அந்த ஊர் மட்டுமில்லை, மாவட்டம் முழுக்க ராணுவத் தேர்வுக்கும் போலீஸ் தேர்வுக்கும் விடியற்காலையில் பிள்ளைகள் ஓடுகிறார்கள். அறிவிப்பு வந்ததும் சும்மா இருந்தவன் மறுநாளே தினம் ஐந்து கிலோமீட்டர் சிமெண்ட் சாலையில் ஓடத் தொடங்குவான். மூன்றாவது வாரம் முன்னங்கால் எலும்பு வலிக்கும்.

விரலால் தடவிப் பாருங்கள். எலும்பின் உள் ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால், ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, மண் தரைக்கு மாறினால் பெரும்பாலும் அடங்கும். ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் மட்டும் சுருக்கென்று வலித்தால், ஒற்றைக் காலில் குதித்தால் அங்கேயே வலித்தால், ராத்திரியிலும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தெரியாது. 'எக்ஸ்ரே நார்மல்' என்று மறுபடி ஓடினால் ஒருநாள் முழுதாக முறியும். ஆறிலிருந்து எட்டு வாரம் ஓடக் கூடாது. அதுவரை சைக்கிள், கிணற்று நீச்சல் என்று மூச்சைக் காப்பாற்றிக்கொள்ளலாம். ஓடும் பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ, உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை, எலும்பு இளைக்கிறது என்று பொருளாக இருக்கலாம். அம்மாக்கள் இதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

வராமல் தடுக்க, அறிவிப்புக்கு நான்கு மாதம் முன்னாலேயே தொடங்குங்கள். தூரத்தை வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வாரத்தில் இரண்டு நாள் ஓடாதீர்கள். பாலாற்று மணல் மெத்தென்று இருக்கிறதே என்று முழு ஓட்டத்தையும் அங்கே வைக்காதீர்கள், ஆழ மணலில் குதிகால் நாண் அளவுக்கு மீறி இழுபடும்.

வராமல் காப்பது

கால்பந்துக்காக ஃபிஃபா வகுத்த '11 பிளஸ்' என்ற 20 நிமிடத் தயாரிப்புப் பயிற்சி, வாரம் இரண்டு மூன்று முறை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்களை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைத்திருக்கிறது. மெதுவோட்டம், திரும்பி ஓடுதல், குந்தி எழுதல், முட்டி உள்ளே சாயாமல் குதித்து இறங்குதல், ஒற்றைக் காலில் நிற்றல், இவ்வளவுதான். எந்த விளையாட்டுக்கும் பொருந்தும். தொடைப் பின் தசைக்கு இன்னொன்று: மண்டியிட்டு, கூட்டாளி கணுக்காலைப் பிடித்துக்கொள்ள, முட்டியிலிருந்து தலைவரை நேராக வைத்து மெல்ல முன்னால் சாய்ந்து, முடியாதபோது கையை ஊன்றுங்கள். ஐந்து முறையில் தொடங்குங்கள். இது அந்தத் தசைக் காயத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைக்கிறது. முதல் வாரம் தொடை நன்றாக வலிக்கும், பயப்பட வேண்டாம்.

பளு தூக்கும் பிள்ளைகள் எடையைக் கூட்டும் முன் வெறும் கம்பியில் முதுகை நேராக வைக்கப் பழகட்டும். பின்னால் வளையும்போது இடுப்பு வலித்து, அந்த வலி மூன்று வாரம் தாண்டினால் முதுகெலும்பில் விரிசலா என்று பார்க்க வேண்டும். வேகப்பந்து வீசுகிற பிள்ளைகளுக்கும் இதே விதி.

கேவுருக் களியை விட்டுவிடாதீர்கள். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கூடவே முட்டையோ பயறோ, எட்டு மணி நேரத் தூக்கம். கத்திரி வெயிலில் காலை ஏழரைக்குள் பயிற்சியை முடித்துவிடுங்கள். விளையாடும் முன் இரண்டு பேர் மைதானத்தைக் குறுக்கே நடந்து கல்லும் கண்ணாடியும் பொறுக்கட்டும். எங்கள் பள்ளியில் இதை வழக்கமாக்கிய வருடம் பாதம் கிழிந்து வந்த பிள்ளைகள் சட்டென்று குறைந்தார்கள்.

அணியின் பையில் இவை இருக்கட்டும்: நான்கு அங்குல கிரேப் பேண்டேஜ் இரண்டு, முக்கோணத் துணி ஒன்று, கத்தரிக்கோல், ஐஸ் வாங்க பிளாஸ்டிக் பையும் துண்டும், சுத்தமான பஞ்சுத் துணி, முறிந்த இடத்தை அசையாமல் கட்ட ஒரு அடி ஸ்கேல் இரண்டு, ஒரு நோட்டுப் புத்தகம், பேனா. நோட்டின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு எண். அடுத்த பக்கத்திலிருந்து யாருக்கு, எந்தத் தேதி, எந்த இடத்தில், எப்படி அடிபட்டது, எந்தத் தேதியில் திரும்பி வந்தான் என்று எழுதிவாருங்கள்.